ஓப்பன்இஎம்ஆர் படிவங்களில் விளக்க வரிகள்: எங்கே எழுதுவது, எதை மாற்றாமல் விடுவது

நீரிழிவு உள்ளவர்களின் பாதப் பரிசோதனைக்கென ஓப்பன்இஎம்ஆர் என்ற மருத்துவப் பதிவு மென்பொருளில் நீங்களே ஒரு படிவம் உருவாக்கியிருப்பதாகவும், செவிலியருக்கான குறிப்புகளைப் புலங்களுக்கு (விடை நிரப்பும் இடங்களுக்கு) நடுவே வெறும் எழுத்தாகக் காட்ட முயன்றபோதெல்லாம் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியும் சேர்ந்தே வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, ஓராண்டாகப் பயன்பாட்டில் உள்ள 'வெறும் வயிற்றுச் சர்க்கரை' என்ற புலத்தின் லேபிளை, அதாவது திரையில் தெரியும் அதன் பெயரை, 'ரேண்டம் சர்க்கரை' (எந்நேரத்திலும் எடுக்கும் அளவு) என்று மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலாவது ஐந்து நிமிட வேலை. இரண்டாவது ஐந்து நொடி வேலை. ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்று விளக்க, ஒரு படிவத்தில் நம் கண்ணில் படும் சொற்களை இந்த மென்பொருள் எப்படியெல்லாம் வகை பிரித்து வைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் உருவாக்கியிருப்பது லேஅவுட் வகைப் படிவம். அதன் அடையாளப் பெயர் 'எல்பிஎஃப்' என்ற மூன்று எழுத்துகளில் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். இவ்வகைப் படிவத்தில் நிரல் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு புலமும் தரவுத்தளத்தில் 'லேஅவுட் ஆப்ஷன்ஸ்' என்ற அட்டவணையில் ஒரு வரிசையாக இருக்கிறது, திரையில் படிவம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த வரிசைகளைப் படித்தே மென்பொருள் படிவத்தை வரைகிறது. அந்த வரிசைக்குள் நாம் சொற்களை எழுதக்கூடிய இடங்கள் இரண்டு: ஒன்று 'லேபிள்', மற்றொன்று 'டிஸ்கிரிப்ஷன்'. இவை போக, புலங்களைத் தொகுக்கும் 'குரூப்' ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு. பெரும்பாலான குழப்பம் 'டிஸ்கிரிப்ஷன்' என்ற அந்த ஒரே பெட்டியால் வருவது. புலத்தின் வகை என்ன, அதற்கு எந்த விருப்பக்குறி (புலம் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் குறி) தரப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே பெட்டியில் எழுதப்பட்ட அதே வாக்கியம் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்யும். சாதாரண எழுத்துப் புலத்தில் அது சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியும் சிறு குறிப்பு. 'டி' (T) என்ற விருப்பக்குறி சேர்ந்தால், புலத்துக்குள்ளேயே முன்கூட்டி நிரப்பப்படும் வாசகம். புலத்தின் வகையை 'ஸ்டாட்டிக் டெக்ஸ்ட்' என்று மாற்றினால், பெட்டி எதுவும் இல்லாமல் திரையில் அப்படியே தெரியும் வரி. நீங்கள் தேடுவது இந்த மூன்றாவதை.

செய்முறை இதுதான். புதிய பதிப்புகளில் 'அட்மின்' பட்டியலுக்குள் 'ஃபார்ம்ஸ்', அதற்குள் 'லேஅவுட்ஸ்' என்று செல்லுங்கள். பழைய 5-ஆம் பதிப்பில் 'அட்மினிஸ்ட்ரேஷன்' பட்டியலிலேயே 'லேஅவுட்ஸ்' இருக்கும். உங்கள் படிவத்தைத் தேர்ந்தெடுத்து, குறிப்பு வர வேண்டிய குரூப்பில் 'ஆட் ஃபீல்ட்' பொத்தானை அழுத்துங்கள். 'ஆர்டர்' கட்டத்தில், குறிப்பு எந்த இரண்டு புலங்களுக்கு நடுவே வர வேண்டுமோ அவற்றுக்கு இடைப்பட்ட எண்ணைக் கொடுங்கள். புலங்களை 1, 2, 3 என்று நெருக்கமாக எண்ணிட்டிருந்தால் இடையில் நுழைக்க எண்ணே இருக்காது. ஆகவே 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண்ணிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 'ஐடி' கட்டத்தில் ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், அது விளக்க வரி என்று பார்த்தவுடன் தெரியும்படி ஒரு பெயர் கொடுங்கள். நான் எல்லா விளக்க வரிகளின் பெயரையும் 'டிஎக்ஸ்டி' என்ற முன்னொட்டுடன் தொடங்குவேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து பார்க்கும்போது எது தரவு, எது குறிப்பு என்று பிரித்தறிய இது உதவுகிறது. 'டேட்டா டைப்' பட்டியலில் 'ஸ்டாட்டிக் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தரவுத்தளத்தில் இதன் வகை எண் 31. புலம் கட்டாயமா, விருப்பமா, பயன்படாததா என்று சொல்லும் 'யுஓஆர்' கட்டத்தில் 'ஆப்ஷனல்' போதும். நிரப்ப எதுவுமே இல்லாத வரியைக் கட்டாயப் புலம் ஆக்குவதில் பொருளில்லை.

இனி வாசகம். அதை 'லேபிள்' கட்டத்தில் எழுதாதீர்கள். 'டிஸ்கிரிப்ஷன்' கட்டத்தில் எழுதுங்கள். உங்கள் முயற்சி தவறியது இங்கேதான் என்று ஊகிக்கிறேன்: வாசகத்தை லேபிளாக எழுதி, வகையை 'டெக்ஸ்ட்பாக்ஸ்' என்றே விட்டிருந்தால் காலிப் பெட்டி வரத்தான் செய்யும். புதிய புலம் சேர்க்கும் இடத்தில் டிஸ்கிரிப்ஷன் கட்டம் ஒற்றை வரியாகச் சிறியதாக இருக்கும். ஏதாவது இரண்டு சொல்லை எழுதிச் சேமித்துவிட்டால், பிறகு பட்டியலில் அதே புலத்துக்கு எதிரே பல வரிகள் எழுதக்கூடிய பெரிய பெட்டி தெரியும்; முழு வாசகத்தையும் அங்கே எழுதி மறுபடியும் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்துங்கள். இந்தக் கடைசி அழுத்தலை மறந்துவிட்டு வேறு திரைக்குப் போய்விட்டால் எழுதியது அத்தனையும் போய்விடும்.

லேபிள் கட்டத்தைக் காலியாக விடலாம், அல்லது 'குறிப்பு' என்று ஒரு சொல் எழுதலாம். எழுதினால், அதன் முடிவில் நிறுத்தக்குறி எதுவும் இல்லாத நிலையில் மென்பொருளே ஒரு முக்காற்புள்ளியைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் அதை இட வேண்டியதில்லை.

அகலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் வரி சேர்ந்துவிட்ட பிறகும் திரையில் அது ஒரு மூலையில் குறுகி, சொல்லுக்குச் சொல் மடங்கி நிற்கிறது என்ற அடுத்த குறை நிச்சயம் வரும். படிவத்தின் ஒவ்வொரு கிடைவரிசையும் இயல்பாக நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு புலமும் லேபிளுக்கு எத்தனை கட்டம், விடைக்கு எத்தனை கட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை 'லேபிள் கால்ஸ்', 'டேட்டா கால்ஸ்' என்ற இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. விளக்க வரிக்கு முறையே 1, 3 என்று கொடுத்தால் அது முழு வரிசையையும் எடுத்துக்கொள்ளும், அடுத்த புலம் கீழே புதிய வரிசையில் தொடங்கும். லேபிள் கால்ஸ் எண்ணை 0 என்று கொடுத்தால், வரி தனக்கென்று புதிய கட்டம் திறக்காமல் முந்தைய புலத்தின் விடைக் கட்டத்துக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். இதைக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அளவு எழுதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே 'மி.கி./டெ.லி.' என்று அலகைக் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது. புதிய பதிப்புகளில் விருப்பக்குறிகளின் பட்டியலிலேயே அடுத்த வரிசைக்குத் தாவச் சொல்லும் குறி, முன்னால் ஒரு காலி வரிசை விடச் சொல்லும் குறி, முழு வரிசையையும் நிரப்பச் சொல்லும் குறி ஆகியன தனித்தனியே தரப்பட்டிருக்கின்றன. அவை இருந்தால் எண்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

பகுதித் தலைப்புகளுக்கு மட்டும் ஸ்டாட்டிக் டெக்ஸ்ட் பயன்படுத்த வேண்டாம். 'நரம்பு உணர்வு', 'இரத்த ஓட்டம்', 'தோலும் நகமும்' என்பன போன்றவற்றைக் குரூப் தலைப்புகளாக அமைத்தால் அவற்றை விரிக்கவும் மடக்கவும் முடியும், துணைத் தலைப்பும் கொடுக்கலாம், படிவம் முதலில் திறக்கும்போது எது விரிந்திருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே குறிப்பிடலாம்.

மேலே 'டி' என்ற விருப்பக்குறியைக் குறிப்பிட்டேன். அதைப் பற்றித் தனியே எச்சரிக்கக் காரணம் என் சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு மருத்துவமனைக்காக இத்தகைய பாதப் படிவம் ஒன்றை அமைத்துக் கொடுத்தபோது, ஸ்டாட்டிக் டெக்ஸ்ட் என்ற வகை இருப்பதை அறியாமல், பெரிய எழுத்துப் பெட்டி ஒன்றை வைத்து, அதன் டிஸ்கிரிப்ஷனில் 'இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு சரிபார்க்கப்பட வேண்டும்' என்று எழுதி, 'டி' குறியையும் கொடுத்துவிட்டேன். திரையில் பார்க்கும்போது நான் விரும்பியது போலவே இருந்தது. மூன்று மாதம் கழித்து மருத்துவர் ஒருவர் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: படிவத்தைத் திறந்து சேமித்த ஒவ்வொரு நோயாளியின் பதிவிலும் அந்த வாசகம் அவருடைய பரிசோதனை விவரமாகவே சேர்ந்திருந்தது. சில செவிலியர் அதை அழித்துவிட்டு எழுதியிருந்தார்கள். சிலர் அதன் பின்னால் தொடர்ந்து எழுதியிருந்தார்கள். பலர் அப்படியே விட்டிருந்தார்கள். 'வேண்டும்' என்பது 'பட்டது' என்று இருந்திருந்தால், செய்யாத பரிசோதனையைச் செய்ததாகச் சொல்லும் நூற்றுக்கணக்கான பதிவுகளை உண்டாக்கிவிட்டிருப்பேன். குறிப்பு வேறு, முன்னிரப்பிய விடை வேறு. ஸ்டாட்டிக் டெக்ஸ்ட் வகைக்கு விடை என்று எதுவும் கிடையாது. ஆகவே நோயாளியின் பதிவில் அது எதையும் எழுதிவைக்காது. பாதுகாப்பானது என்று நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

குறிப்பில் என்ன எழுதுவது என்பதையும் நீங்கள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் சேர்க்கத் தெரிந்தவுடன் படிவத்தைப் பாடப்புத்தகம் ஆக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. பாதப் பரிசோதனையில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் உணர்வைச் சோதிக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு நரம்புச் சேதத்தைப் பற்றி அங்கே எழுதுவது வீண். 'முதலில் நோயாளியின் கையில் தொட்டுக் காட்டவும். பின் கண்களை மூடச் சொல்லி, இழை வளையும்வரை செங்குத்தாக அழுத்தவும். காய்ப்பு, புண் உள்ள இடங்களைத் தவிர்க்கவும்.' செவிலியரின் கையில் இழை இருக்கும் அந்த நிமிடத்தில் தேவைப்படுவது இவ்வளவுதான். அதிர்வு உணர்வுக்கு '128 ஹெர்ட்ஸ் இசைக்கவை' என்ற மூன்று சொல் போதும். எந்த இசைக்கவை என்பதில்தான் தவறு நேர்கிறது, அதை எப்படித் தட்டுவது என்பதில் அன்று. எந்த இடத்தில் தவறு நடக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் வரி சேர்த்தால், செவிலியர் அதைப் படிப்பார்கள். எல்லா இடத்திலும் சேர்த்தால் இரண்டாவது வாரத்திலிருந்து ஒன்றையும் படிக்கமாட்டார்கள்.

எல்லை எண்களை எழுதும்போது எந்த ஆண்டின் வழிகாட்டுதல் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இரத்த அழுத்தம் 140/90 என்றால் மிகை என்று அமெரிக்காவில் நெடுங்காலம் படிவங்களில் இருந்தது. 2017-இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் அமெரிக்க இதயச் சங்கமும் அந்த எல்லையை 130/80 என்று இறக்கின. ஆண்டு குறிப்பிடாத வரி பழையதா புதியதா என்று படிப்பவருக்குத் தெரிய வழியில்லை, திருத்த வேண்டியவருக்கும் தெரிய வழியில்லை.

சில வரிகள் எப்போதும் தெரிய வேண்டியதில்லை. புண் இருக்கிறது என்று குறித்தால் மட்டும் 'அளவு, ஆழம், கசிவு மூன்றையும் பதியவும்' என்ற வரி வர வேண்டும் என்றால், அந்த வரிசையின் கேள்விக்குறிப் பொத்தானை அழுத்தி நிபந்தனை கொடுக்கலாம். இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது: அந்த நிபந்தனை எப்போது காட்ட வேண்டும் என்பதைச் சொல்வதன்று, எப்போது தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்வது. 'புண்' என்ற புலத்தின் விடை 'உண்டு' என்பதற்குச் சமமாக இல்லாதபோது தவிர் என்று கொடுக்க வேண்டும். நேராகக் கொடுத்துவிட்டால், புண் இல்லாத எல்லோருக்கும் வரி தெரியும், புண் உள்ளவருக்கு மட்டும் மறைந்துவிடும். நானே இதில் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. செவிலியர் படிவத்தை நிரப்பிச் சேமிக்கும்போது ஓப்பன்இஎம்ஆர் எதைச் சேமிக்கிறது என்று பாருங்கள். 'எல்பிஎஃப் டேட்டா' என்ற அட்டவணையில் மூன்று செய்திகள் மட்டுமே போகின்றன: எந்தப் படிவம், எந்தப் புல ஐடி, என்ன விடை. லேபிளில் என்ன எழுதியிருந்தது என்பது விடையோடு சேமிக்கப்படுவதில்லை. பழைய பதிவை எப்போது திறந்தாலும், மென்பொருள் அந்தப் புல ஐடிக்கு இன்று என்ன லேபிள் இருக்கிறது என்று பார்த்து, பழைய விடைக்கு அருகே இன்றைய லேபிளை வைத்துக் காட்டும். நீங்கள் லேபிளைத் திருத்தும் அந்த நொடியில், அது இனிவரும் நோயாளிகளுக்கு மட்டுமன்றி, ஓராண்டாக வந்துபோன எல்லா நோயாளிகளுக்கும் மாறிவிடுகிறது. காகிதப் படிவத்தில் புதிய படிவம் அச்சடித்தால் பழைய தாள்கள் அலமாரியில் பழைய தலைப்போடு அப்படியே இருக்கும். இங்கே அலமாரியில் உள்ள எல்லாத் தாள்களின் தலைப்பையும் ஒரே கையெழுத்தில் மாற்றி எழுதிவிட்டதற்குச் சமம்.

உங்கள் எடுத்துக்காட்டையே கணக்கிடுவோம். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 126 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் என்றால் அது நீரிழிவின் எல்லைக்குள் வருகிறது. ரேண்டமாக எடுத்த அளவுக்கு, நோய்க்குறிகளோடு சேர்த்து, 200 என்பதே எல்லை. சென்ற ஆண்டு ஒருவருக்கு வெறும் வயிற்றில் 140 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த எண் மருத்துவரை நிறுத்தி யோசிக்க வைத்திருக்கும். லேபிளை மாற்றிய பிறகு அதே 140 'ரேண்டம் சர்க்கரை' என்ற தலைப்பின்கீழ் தெரியும், படிக்கும் புதிய மருத்துவர் கவலைப்பட ஒன்றுமில்லை என்று கடந்து போவார். எண் மாறவில்லை, யாரும் பதிவைத் திருத்தவில்லை, நோயாளியின் பதிவில் திருத்தச் சுவடும் இல்லை. பதிவின் பொருள் மட்டும் மாறிவிட்டது. அலகை மாற்றினால், மி.கி. என்பதை மில்லிமோல் ஆக்கினால், 140 என்ற எண்ணே அபத்தமாகத் தெரிந்து யாராவது பிடித்துவிடுவார்கள், ஏனெனில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 18 மடங்கு வேறுபாடு. உங்கள் மாற்றம் அதைவிட மோசமானது. எண் இரண்டு தலைப்பிலும் இயல்பாகவே பொருந்துகிறது.

ஆகவே லேபிளில் எழுத்துப் பிழை திருத்தலாம். 'சர்க்கரை' என்பதைச் 'சர்க்கரை அளவு' என்று ஆக்கலாம். பொருள் மாறும் எந்தத் திருத்தமும் கூடாது. பொருள் மாற வேண்டுமென்றால் புதிய ஐடியோடு புதிய புலம் சேர்த்து அதற்கு 'ரேண்டம் சர்க்கரை' என்று லேபிள் கொடுங்கள். பழைய புலத்தை நீக்காதீர்கள். பழைய விடைகள் கண்ணில் பட வேண்டுமென்றால், அதற்கு 'ரீட் ஒன்லி' விருப்பக்குறி கொடுத்து, படிவத்தின் அடியில் தனிக் குரூப்பில் வைத்துவிடலாம். அப்போது பார்க்க முடியும், புதிதாக எழுத முடியாது. பார்க்கவே தேவையில்லை என்றால் 'யுஓஆர்' கட்டத்தில் 'அன்யூஸ்ட்' என்று மாற்றலாம், திரையிலிருந்து மறைந்துவிடும், விடைகள் தரவுத்தளத்தில் இருக்கும். பட்டியலிலிருந்து தெரிவு செய்யும் புலங்களுக்கும் இதே விதிதான்: அங்கே சேமிக்கப்படுவது பட்டியல் உருப்படியின் ஐடி, திரையில் தெரியும் தலைப்பு அன்று. 'லேசானது' என்ற தெரிவின் தலைப்பை 'மிதமானது' என்று மாற்றினால் பழைய பதிவுகளும் கூடவே மாறும்.

இது எல்லா மென்பொருளுக்கும் பொதுவான குறையா என்றால், இல்லை. சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கனியாரி என்ற ஊரில் உள்ள ஜன் ஸ்வாஸ்திய சஹயோக் மருத்துவமனைக்காகத் தாட்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கிய பாம்னி என்ற மென்பொருளில் படிவக் கட்டமைப்பு வேறு விதமானது. அதன் படிவ வடிவமைப்புத் திரையில் 'லேபிள்' என்பதே தனி உறுப்பு. இழுத்து வந்து வைத்து, அதன்மேல் எழுதினால் போதும், வகை எண்ணும் வேண்டாம், டிஸ்கிரிப்ஷன் குழப்பமும் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அதுவன்று. படிவத்தை ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அந்தப் பதிப்பை யாரும் தொட முடியாது. திருத்தினால் அது அடுத்த பதிப்பாகிறது. நோயாளியின் ஒவ்வொரு விடையோடும் படிவத்தின் பெயர், பதிப்பு எண், புலத்தின் எண் மூன்றும் சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. ஆகவே எந்தப் பதிப்பின் முன்னால் அமர்ந்து இந்த விடை எழுதப்பட்டது என்று பின்னால் கண்டறிய முடியும்.

பாம்னிக்கு அடித்தளமாக இருப்பது ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற இன்னொரு மருத்துவப் பதிவு மென்பொருள். 2004-இல் தொடங்கப்பட்டு, 2006-இல் கென்யாவின் எல்டொரெட் நகரில் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே விடை சேமிக்கப்படுவது லேபிளின்கீழும் அன்று, புலத்தின்கீழும் அன்று. ஒரு மருத்துவக் கருத்தின்கீழ். மருத்துவக் கருத்துகளுக்கு எண் தரும், பலரும் பயன்படுத்தும் சியெல் கருத்தகராதியில் எடைக்கு 5089, உயரத்துக்கு 5090 என்று எண்கள் உண்டு, எடை கிலோகிராமில், உயரம் சென்டிமீட்டரில் என்ற அலகும் அதனோடு சேர்ந்தே இருக்கிறது. அதன் எச்டிஎம்எல் படிவங்களில் விளக்க வரி சேர்க்க எந்த வித்தையும் தேவையில்லை, இணையப் பக்கம் எழுதுவது போல எழுதிக்கொண்டே போகலாம். பழைய விடையின் பொருளை லேபிள் மாற்றம் பாதிக்காது. ஆனால் அங்கே ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: 5090 என்ற கருத்துக்கு மேலே ஒருவர் 'உயரம், அங்குலத்தில்' என்று லேபிள் எழுதிவிட்டால், செவிலியர் நம்பிக்கையோடு 65 என்று எழுதுவார், மென்பொருள் அதை 65 சென்டிமீட்டர் என்றே புரிந்துகொள்ளும். அந்த மனிதரின் உடல் நிறை எண் என்னவாகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

உங்கள் படிவத்தைத் தமிழிலேயே வைத்திருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேபிளை எதிர்மறைக் கேள்வியாக எழுதாதீர்கள். 'காலில் மரத்துப்போதல் இல்லையா?' என்று கேட்டால், நம் பேச்சு வழக்கில் 'ஆமாம்' என்ற விடைக்கு 'ஆமாம், இல்லை' என்பது பொருள். ஆனால் 'ஆம்' என்ற தெரிவைத் தொட்டவரின் பதிவை வேறொருவர் படிக்கும்போது மரத்துப்போதல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். 'காலில் மரத்துப்போதல்' என்று பெயராக வைத்து, 'உண்டு', 'இல்லை', 'சோதிக்கவில்லை' என்று மூன்று தெரிவுகள் கொடுங்கள். மூன்றாவது தெரிவு ஆடம்பரமன்று. ஒற்றை டிக் பெட்டியாக வைத்தால், டிக் இல்லாதது 'இல்லை' என்பதா, 'கேட்கவே இல்லை' என்பதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதேபோல், நோயாளியே நிரப்பும் படிவத்தில் 'சுகர்', 'பிரஷர்' என்றே எழுதலாம். 'குருதிக் குளுக்கோசு' என்று எழுதினால் அவர் அருகில் இருப்பவரைத்தான் கேட்பார்.

படிவத்தை இரு மொழிகளில் காட்ட வேண்டியிருந்தால் இரண்டு மொழியையும் ஒரே லேபிளில் சாய்வுக்கோடு இட்டு எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள், அகலம் போதாது. மூல வாசகத்தை ஆங்கிலத்தில் வைத்து, மொழிகள் திரையில் அந்த வாசகத்தைச் சேர்த்து அதற்குத் தமிழாக்கம் கொடுக்கலாம். பொது அமைப்புகளில் மொழிப் பகுதியில் 'டிரான்ஸ்லேட் லேஅவுட்ஸ்' என்ற தெரிவு இயங்குநிலையில் இருக்க வேண்டும், இல்லையெனில் தமிழாக்கம் இருந்தும் தெரியாது. மூல வாசகம் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். லேபிளின் இறுதியில் ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக இருந்தாலும் அது வேறு வாசகம், தமிழாக்கம் கிடைக்காது.

அச்சில் என்ன வரும் என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வருகைச் சுருக்கத்தில் விடை இல்லாத புலங்களை மென்பொருள் விட்டுவிடுகிறது, விளக்க வரிக்கு விடையே கிடையாது என்பதால் அதுவும் அங்கே வராது. செவிலியருக்கான குறிப்பு நோயாளியின் கையில் போகும் தாளில் வராமல் இருப்பது நல்லதுதான். ஆனால் 'கீழ்க்காணும் அளவுகள் வலது காலுக்கு உரியவை' என்பது போன்ற செய்தியை விளக்க வரியாக எழுதியிருந்தால், திரையில் தெளிவாகவும் அச்சில் குழப்பமாகவும் இருக்கும். அத்தகைய செய்தி லேபிளுக்குள்ளேயே இருக்க வேண்டும்: 'வலது கால் – நாடித்துடிப்பு', 'வலது கால் – அதிர்வு உணர்வு' என்று ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுதுவது கண்ணுக்கு உறுத்தினாலும் சரியான வழி அதுதான்.

எதையும் தொடுவதற்கு முன், 'பேக்கப்' திரையில் உள்ள 'எக்ஸ்போர்ட் கான்ஃபிகரேஷன்' வழியாக இந்தப் படிவத்தின் லேஅவுட்டையும் அது பயன்படுத்தும் பட்டியல்களையும் மட்டும் தனிக் கோப்பாக எடுத்து, கோப்பின் பெயரில் தேதியை இட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கு முன்னும் இப்படி ஒரு கோப்பு எடுத்து வைத்தால், எந்த நாளில் எந்த லேபிள் என்ன வாசகத்தோடு இருந்தது என்ற வரலாறு உங்களிடம் இருக்கும். ஓப்பன்இஎம்ஆர் அதை உங்களுக்காக வைத்திருப்பதில்லை. பிறகு ஒரு சோதனை நோயாளியை உருவாக்கி, புதிய வரிகளோடு படிவத்தை நிரப்பிச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து, அச்சிட்டும் பாருங்கள். முக்கியமாக, சென்ற ஆண்டின் பழைய வருகை ஒன்றையும் திறந்து, அதில் 'வெறும் வயிற்றுச் சர்க்கரை' என்பது அதே பெயரோடும் அதே எண்ணோடும் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு படிவத்தைச் செவிலியரிடம் கொடுங்கள்.